இரு வட்டுகள், ஒரே தரவு: இணைப்பிரதி வட்டு அணிகளின் வரலாறும் பராமரிப்பின் இடமும்

முன்னுரை

கணினியில் சேமிக்கப்படும் ஒவ்வொரு தரவையும் ஒரே வேளையில் இரண்டு வட்டுகளில் எழுதி, அவற்றுள் ஒன்று பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு பணி தடையின்றித் தொடரும்படி செய்யும் ஏற்பாடு மிரரிங் எனப்படுகிறது. அவ்வாறு பிணைக்கப்பட்ட வட்டுகளின் தொகுதியை இக்கட்டுரை இணைப்பிரதி வட்டு அணி என்று குறிக்கிறது. வங்கிக் கணக்குகள், மருத்துவமனைப் பதிவேடுகள், நூலகப் பட்டியல்கள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் சர்வர்களில், அதாவது பலருக்கும் ஒரே சமயத்தில் பணிபுரியும் மையக் கணினிகளில், இந்த அணி இன்று மிகச் சாதாரணமான உறுப்பாகிவிட்டது.

கருத்தளவில் இதைவிட எளிய பாதுகாப்பு முறை வேறில்லை. ஆயினும் 1970-களின் நடுவில் வணிகக் கணினிகளில் நுழைந்த இம்முறை, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் புதிய ஆய்வுகளையும் புதிய மென்பொருள்களையும் வேண்டி நிற்கிறது. வட்டுகளை இரட்டிப்பது பாதுகாப்பின் தொடக்கம் மட்டுமே என்பதே இதற்குக் காரணம். இரண்டாவது வட்டு இயங்கிக்கொண்டிருக்கிறதா, இரு வட்டுகளிலும் உள்ளவை ஒன்றோடொன்று ஒத்துள்ளனவா, பழுதான வட்டு எவ்வளவு விரைவில் மாற்றப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடிய முயற்சிகளின் தொடர்ச்சியாகவே இம்முறையின் வரலாறு அமைந்துள்ளது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒற்றை வட்டை நம்பிய காலம்

ஐபிஎம் நிறுவனம் 1956 செப்டம்பரில் அறிவித்த 305 ராமாக் கணினியோடு வந்த 350 என்னும் வட்டு அலகே வணிகத்துக்கு வந்த முதல் வன்தட்டு ஆகும். கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் இயங்கிய குழு அதை உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டு ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையோடு நின்ற அந்த அலகில் 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்க முடிந்தது. காந்த நாடாவில் ஒரு பதிவைத் தேட நாடாவைத் தொடக்கத்திலிருந்து சுழற்ற வேண்டியிருந்த நிலையை மாற்றி, வேண்டிய பதிவை நேரடியாக அணுகும் வாய்ப்பை வட்டு அளித்தது. அந்த வாய்ப்பே அதன் மீதான சார்பையும் வளர்த்தது. நாளின் முடிவில் கணக்குகளைத் தொகுத்துப் பதியும் முறை மறைந்து, வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போதே கணக்கைத் திருத்தும் முறை வந்தபின், வட்டு நின்றால் நிறுவனத்தின் பணியே நின்றுபோகும் நிலை உருவாயிற்று.

வட்டு பழுதாவதற்கான காரணங்கள் அதன் இயக்கத்திலேயே அடங்கியிருந்தன. வேகமாகச் சுழலும் தட்டுக்கு மேலே மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் படிப்புமுனை, தூசித் துகளாலோ அதிர்வாலோ தட்டைத் தொட்டுவிட்டால் காந்தப் பூச்சு உரிந்து தரவு அழிந்துவிடும். 1973-இல் ஐபிஎம் வெளியிட்ட வின்செஸ்டர் எனப்படும் 3340 வகை, முனையையும் தட்டுகளையும் ஒரே மூடிய உறைக்குள் அடைத்து இவ்விடரைக் குறைத்தது, எனினும் நீக்கிவிடவில்லை. அக்காலத்தில் பழுதுக்கு மாற்றாக இருந்தது நாடா மட்டுமே. இரவில் வட்டு முழுவதையும் நாடாவில் படியெடுத்து, பகலில் நிகழும் மாற்றங்களைத் தனிப் பதிவேட்டில் தொடர்ந்து எழுதி, வட்டு பழுதானால் இரண்டையும் இணைத்து மீட்டெடுத்தனர். இம்முறையில் தரவு மீண்டும் கிடைத்தது. ஆனால் மீட்கும் வரையில் பணி மணிக்கணக்கில் முடங்கியது. தரவை இழக்காதிருத்தல் என்பதும் பணி நிற்காதிருத்தல் என்பதும் இருவேறு தேவைகள் என்பதை அந்த அனுபவமே தெளிவாக்கியது. இணைப்பிரதி முறை இவற்றுள் இரண்டாவது தேவையிலிருந்து பிறந்ததாகும்.

2. டாண்டெம் கணினிகளில் இரட்டை வட்டு

நம்பகமற்ற உறுப்புகளைப் போதிய அளவில் பெருக்கி இணைத்தால் நம்பகமான பொறியை ஆக்கலாம் என்னும் கோட்பாட்டை 1950-களிலேயே ஜான் வான் நியூமன் கணித வழியில் ஆராய்ந்திருந்தார். அதனை வணிகக் கணினியின் முழு அமைப்பிலும் கடைப்பிடித்த முன்னோடி, ஜேம்ஸ் ட்ரேபிக் 1974-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டாண்டெம் நிறுவனம் ஆகும். அதன் முதற்கணினியான டாண்டெம்/16, 1976-இல் சிட்டிபேங்க் வங்கிக்கு வழங்கப்பட்டது. அதன் அமைப்பில் எந்த ஓர் உறுப்பும் தனித்து நிற்கவில்லை. செயலிகள் இரண்டு முதல் பதினாறு வரை இருந்தன. ஒவ்வொரு வட்டுக்கும் இரு வாயில்கள் அமைந்து, அவை வெவ்வேறு கட்டுப்படுத்திகளோடு, அதாவது வட்டையும் கணினியையும் இணைக்கும் மின்னணுப் பலகைகளோடு, பிணைக்கப்பட்டன. வட்டுகளும் இணை இணையாக இயங்கின.

எழுதும்போது இரு வட்டுகளிலும் எழுதுவது, படிக்கும்போது ஏதேனும் ஒன்றிலிருந்து படிப்பது என்னும் விதி டாண்டெம் கணினிகளிலேயே நிலைபெற்றது. வட்டை மட்டும் இரட்டித்துவிட்டுக் கட்டுப்படுத்தியை ஒன்றாக விட்டால், அந்த ஒற்றைப் பலகை பழுதாகும்போது இரு வட்டுகளும் ஒருசேரக் கைவிட்டுப் போகும் என்பதை அதன் வடிவமைப்பாளர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். பின்னர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனமும் தன் வாக்ஸ் கணினிக் கூட்டங்களுக்கு நிழல்வட்டு எனப் பொருள்படும் பெயரில் இதையொத்த வசதியை 1980-களில் அளித்தது. மற்றொரு புறம், ஐபிஎம் பொறியாளர் நார்மன் கென் ஔச்சி 1977-இல் விண்ணப்பித்து 1978-இல் பெற்ற காப்புரிமை, முழுப்பிரதிக்கு மாற்றாக, பல வட்டுகளின் தரவிலிருந்து கணக்கிடப்பட்ட சரிகாண் துணுக்குகளைத் தனியே வைத்து இழந்த பகுதியை மீட்டெடுக்கும் வழியைக் காட்டியது. பிற்காலத்தில் இவ்விரு வழிகளும் ஒரே வகைப்பாட்டின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

3. இரட்டித்தலின் கணக்கும் பழுதுநீக்கும் காலமும்

இணைப்பிரதி அணி எந்த அளவு பாதுகாப்பைத் தருகிறது என்பதை ஒரு சிறிய கணக்கால் அறியலாம். ஒரு வட்டு சராசரியாக எத்தனை மணிநேரம் பழுதின்றி உழைக்கும் என்பதை அதன் சராசரி ஆயுள் என்றும், பழுதான வட்டை மாற்றிப் புதிய வட்டில் தரவை நிரப்பி முடிக்க ஆகும் நேரத்தைப் பழுதுநீக்கும் காலம் என்றும் கொள்வோமானால், ஒரு வட்டின் பழுது மற்றதன் பழுதைச் சாராதது என்னும் அனுமானத்தில், ஆயுளின் வர்க்கத்தைப் பழுதுநீக்கும் காலத்தின் இருமடங்கால் வகுத்துக் கிடைப்பது இணையின் சராசரி ஆயுளாகும். ஒன்று பழுதாகி, அது சரிசெய்யப்படும் இடைவெளிக்குள் மற்றொன்றும் பழுதானால் மட்டுமே தரவு அழியும் என்பதையே இந்தச் சூத்திரம் எண்களில் கூறுகிறது.

1980-களின் பிற்பகுதியில் வட்டுகளுக்குச் சொல்லப்பட்ட ஆயுள் சுமார் 30,000 மணிநேரம். பழுதான வட்டு 24 மணிநேரத்துக்குள் மாற்றி நிரப்பப்படுமானால், இணையின் சராசரி ஆயுள் 1 கோடியே 87 இலட்சத்து 50 ஆயிரம் மணிநேரம், அதாவது ஏறக்குறைய 2,140 ஆண்டுகள் என வரும். அதே பழுது ஒரு மாதம் கவனிக்கப்படாமல் கிடந்தால் அந்த ஆயுள் சுமார் 71 ஆண்டுகளாகச் சுருங்கும். பழுதான வட்டு ஒருபோதும் மாற்றப்படாவிட்டாலோ, இணையின் சராசரி ஆயுள் 45,000 மணிநேரம் மட்டுமே. ஒற்றை வட்டின் ஆயுளைப்போல் ஒன்றரை மடங்கு மட்டுமே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் ஐந்தாண்டுகளுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டில் வட்டுகளின் தரத்துக்கு எப்பங்கும் இல்லை. மூன்று நிலைகளிலும் வட்டுகள் அவையே. பராமரிப்பு மட்டுமே அவற்றை வேறுபடுத்துகிறது.

டாண்டெமில் பணியாற்றிய ஜிம் கிரே 1985-இல் வெளியிட்ட, கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதை ஆராயும் அறிக்கை, இதே முடிவை வேறு திசையிலிருந்து வலுப்படுத்தியது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பழுது விவரங்களை அவர் வகைப்படுத்தியபோது, வன்பொருளால் நேர்ந்த நிறுத்தங்கள் 18 விழுக்காடாகவும், இயக்குதல், பராமரித்தல், அமைப்புகளைத் திருத்தல் ஆகிய நிர்வாகச் செயல்களால் நேர்ந்தவை 42 விழுக்காடாகவும் இருந்தன. வன்பொருளை இரட்டித்து அதன் பழுதுகளை மறைத்துவிட்ட கணினியில், மனிதக் கையாளுதலே முதன்மைக் காரணமாக எஞ்சியது.

இரட்டித்தலுக்குப் பாதுகாப்பைத் தவிர மற்றொரு பயனும் உண்டு. டீனா பிட்டனும் ஜிம் கிரேயும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இரு வட்டுகளில் எதன் படிப்புமுனை வேண்டிய தடத்துக்கு அருகில் உள்ளதோ அதிலிருந்து படிக்கும்போது, முனை நகர வேண்டிய சராசரித் தொலைவு முழு அகலத்தின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என்று காட்டினர். எழுதும்போதோ இரு முனைகளில் தொலைவிலுள்ளது வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் தொலைவு சற்று மிகும். எழுதுவதைவிடப் படிப்பது மிகுதியாக நிகழும் சர்வர்களில் இணைப்பிரதி அணி வேகத்தையும் சேர்த்தே தரும் என்பது இதனால் தெளிவாயிற்று.

4. பெர்க்லி வகைப்பாடு

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கேட்ஸ் ஆகியோர் 1987 இறுதியில் தொழில்நுட்ப அறிக்கையாகவும் 1988-இல் சிக்மாட் மாநாட்டுக் கட்டுரையாகவும் வெளியிட்ட ஆய்வு, ரெய்டு என்னும் பெயரை உலகுக்கு அளித்தது. பெருங்கணினிகளுக்கென விற்கப்பட்ட ஐபிஎம் 3380 போன்ற விலைமிக்க வட்டுக்குப் பதிலாக, மேசைக் கணினிகளுக்கென வந்த 100 மெகாபைட் கொள்ளளவுள்ள கானர் நிறுவனத்தின் சிறுவட்டுகள் பலவற்றை அணிசேர்த்தால் குறைந்த செலவில் மிகுந்த வேகம் கிடைக்கும் என்பது அவர்களின் வாதம். ஆனால் 30,000 மணிநேர ஆயுளுள்ள 100 வட்டுகளை ஒன்றாகச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணிநேரத்துக்குள், அதாவது இரண்டு வாரங்களுக்கும் முன்பாகவே, பழுதாகும் என்பதையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். எனவே மிகைத்தரவு, அதாவது இழப்பை ஈடுகட்டக் கூடுதலாக வைக்கப்படும் தரவு, இன்றி அத்தகைய அணி பயன்படாது.

மிகைத்தரவை வைக்கும் வழிகளை அவர்கள் ஐந்து நிலைகளாக வகுத்தனர். முழுப்பிரதி வைக்கும் இணைப்பிரதி முறை முதல் நிலையாகவும், பாரிட்டி எனப்படும் சரிகாண் துணுக்குகளை எல்லா வட்டுகளிலும் பரப்பி வைக்கும் முறை ஐந்தாம் நிலையாகவும் இடம்பெற்றன. முதல் நிலை பழக்கத்தில் இருந்ததென்றும், கொள்ளளவில் பாதியைச் செலவிட்டுவிடுவதால் விலைமிக்கதென்றும் அவர்கள் மதிப்பிட்டனர். ஐந்தாம் நிலையே எதிர்காலத்துக்கு உரியதாக அப்போது தோன்றியது. ஆயினும் வட்டின் விலை ஆண்டுதோறும் சரிந்ததால் பாதிக் கொள்ளளவை இழப்பது பொறுக்கத்தக்கதாயிற்று. சிறு தரவொன்றைத் திருத்தவும் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து இரண்டையும் மீண்டும் எழுத வேண்டிய சுமை முதல் நிலையில் இல்லை. எஞ்சிய ஒரு வட்டைத் தனியே எடுத்து வேறு கணினியில் இணைத்துப் படிக்கவும் முடியும். இந்த எளிமையால், வகைப்பாட்டில் பழைய முறையாக வைக்கப்பட்ட முதல் நிலை, இரு வட்டுகளே உள்ள சிறு சர்வர்களில் இன்றும் நிலைத்து நிற்கிறது.

5. பெருங்கணினியிலிருந்து சிறு அலுவலகத்துக்கு

1980-களின் பிற்பகுதியில் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் மென்பொருள் இணைப்பிரதி முறையைச் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. பழுதுதாங்கும் திறனை அது படிப்படியாக வகுத்திருந்தது. முதற்படியில் கோப்பு அட்டவணைகளை இரட்டையாக வைத்ததோடு, எழுதிய தரவை உடனே படித்துப் பார்த்து, கெட்ட பகுதியாயின் வேறிடத்துக்கு மாற்றியது. இரண்டாம் படியில் முழு வட்டையும் இரட்டித்தது. அதிலும் ஒரே கட்டுப்படுத்தியின் கீழ் இரு வட்டுகள் இயங்குவதையும், தனித்தனிக் கட்டுப்படுத்திகளின் கீழ் இயங்குவதையும் வெவ்வேறு பெயர்களால் வேறுபடுத்திக் காட்டியது. மூன்றாம் படியில் சர்வரையே இரட்டித்தது. 1993-இல் வந்த மைக்ரோசாப்டின் விண்டோஸ் என்டி அட்வான்ஸ்டு சர்வரிலும் வட்டு இரட்டிப்பு இயங்குதளத்தின் உறுப்பாக இருந்தது.

இதற்கு இணையாக, ரெய்டு பணியைத் தனிச் செயலியோடும் மின்கலத்தால் காக்கப்பட்ட நினைவகத்தோடும் செய்யும் வன்பொருள் கட்டுப்படுத்திகளும் பரவின. அவை வேகமானவை, மின்சாரம் தடைப்பட்டாலும் எழுதப்படாத தரவைக் காத்து வைப்பவை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் அணியின் அமைப்பைத் தனக்கேயுரிய வடிவில் வட்டில் எழுதியதால், கட்டுப்படுத்தி பழுதானால் அதையொத்த மற்றொன்றைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. அணியின் அமைப்பு யாவரும் படிக்கத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்னும் தேவையை லினக்ஸ் இயங்குதளத்தின் எம்டி என்னும் மென்பொருள் அணி நிறைவேற்றியது. மார்க் சிஞ்சியர் தொடங்கிய அப்பணியை இங்கோ மோல்னார் முதலியோர் விரிவுபடுத்தினர். 1990-களின் பிற்பகுதியில் திருத்தப்பெற்ற அதன் புதிய வடிவம் 2001 சனவரியில் வெளியான 2.4 கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியில், இடம்பெற்றது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீல் பிரவுன், அணிகளை அமைக்கவும் இணைக்கவும் கண்காணிக்கவும் வல்ல எம்டிஆடம் என்னும் ஒற்றைக் கருவியை எழுதினார். விலைகொடுத்து வாங்கும் தனிக்கருவி ஏதுமின்றி, இரு வட்டுகள் உள்ள எவரும் இணைப்பிரதி அணியை அமைத்துக்கொள்ளும் நிலை இதனால் உருவாயிற்று.

6. எந்தப் பிரதி மெய்யானது?

இரு பிரதிகள் இருக்கும்போது அவை வேறுபட்டால் எதை நம்புவது என்பது இம்முறையோடு உடன்பிறந்த சிக்கல். தொடக்ககால லினக்ஸ் அணியில் எந்தெந்த வட்டுகள் சேர்ந்தவை என்பது கணினியிலுள்ள ஓர் அமைப்புக் கோப்பில் வட்டின் பெயரைக் கொண்டு எழுதப்பட்டிருந்தது. கம்பிகள் இடம் மாறினாலோ ஒரு வட்டு கழற்றப்பட்டாலோ பெயர்கள் மாறி, தவறான வட்டு அணியில் சேரும் இடர் இருந்தது. இதற்குத் தீர்வாக ஒவ்வொரு வட்டிலும் சூப்பர்பிளாக் என்னும் சிறு குறிப்புப்பகுதி எழுதப்பட்டது. அணியின் தனித்த அடையாள எண், அதில் அந்த வட்டின் இடம், நிகழ்வு எண் ஆகியவை அதில் அடங்கும். அணியின் நிலை மாறும்போதெல்லாம் நிகழ்வு எண் உயர்வதால், சில நாள் விலகியிருந்த வட்டு மீண்டும் இணைக்கப்படும்போது அதன் எண் பின்தங்கியிருக்கும். அதைக் கொண்டே அது பழைய பிரதி என்று மென்பொருள் அறிந்து ஒதுக்கிவிடுகிறது.

மின்சாரம் திடீரென நின்றுபோவது மற்றொரு சிக்கலை எழுப்பியது. ஒரு வட்டில் எழுதப்பட்டு மற்றதில் எழுதப்படுவதற்குள் கணினி அணைந்தால், இரண்டும் எங்கு வேறுபடுகின்றன என்று தெரியாது. ஆகவே மறுமுறை இயங்கும்போது ஒரு வட்டு முழுவதையும் மற்றொன்றின் மீது படியெடுக்க வேண்டியிருந்தது. இதுவே மறுஒத்திசைவு எனப்படுகிறது. 2005-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட எழுதுகுறிப்பு வரைபடம் இச்சுமையை நீக்கியது. வட்டைப் பல பகுதிகளாகப் பகுத்து, ஒரு பகுதியில் எழுதுவதற்கு முன் அதற்குரிய குறியை இட்டு, இரு வட்டுகளிலும் எழுதி முடிந்த சிறிது நேரத்தில் அக்குறியை நீக்குவது இதன் செயல்முறை. எதிர்பாராமல் நின்ற கணினி மீண்டும் இயங்கும்போது குறியிட்ட பகுதிகளை மட்டும் ஒத்திசைத்தால் போதும் என்பதால், மணிக்கணக்கில் ஆன பணி சில நிமிடங்களில் முடிகிறது.

இவையெல்லாம் வட்டு தன் பழுதைத் தானே அறிவிக்கும் என்னும் நம்பிக்கையில் அமைந்தவை. வட்டு பிழையான தரவைச் சரியானதெனத் திருப்பித் தருமானால், இரு பிரதிகளும் வேறுபடுகின்றன என்பதை மட்டுமே எம்டி அணியால் கூற முடியும். எது மெய் என்று கூற இயலாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக் முதலியோர் 2001-இல் தொடங்கி 2005-இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை இக்குறையைத் தீர்த்தது. ஒவ்வொரு தரவுக் கட்டத்துக்கும் ஒரு சரிகாண் தொகையைக் கணக்கிட்டு, அக்கட்டத்தைச் சுட்டும் மேற்கட்டத்தில் அது சேமித்து வைக்கிறது. படிக்கும்போது தொகை பொருந்தாவிட்டால் மற்ற வட்டின் பிரதியைப் படித்து, அது பொருந்துமாயின் அதைக் கொண்டே கெட்ட பிரதியைத் திருத்திவிடுகிறது. இரண்டு பிரதிகளுக்கு நடுவே ஒரு மூன்றாம் சாட்சி கிடைத்ததால், ஒத்துள்ளதா என்னும் வினாவோடு எது சரி என்னும் வினாவுக்கும் விடை காணும் திறனை இணைப்பிரதி முறை பெற்றது.

7. களத்திலிருந்து வந்த சான்றுகள்

2007-ஆம் ஆண்டு வட்டுப் பழுதைப் பற்றிய அறிவில் ஒரு திருப்பமாக அமைந்தது. வட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் 10 இலட்சம் மணிநேரமும் அதற்கு மேலும் சராசரி ஆயுள் கூறிவந்த காலம் அது. அக்கூற்றின்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேல் பழுது நேரக்கூடாது. பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ 1,00,000 வட்டுகளின் மாற்றுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆண்டு மாற்று வீதம் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடாகவும், சில இடங்களில் 13 விழுக்காடு வரையிலும் இருந்ததைக் கண்டனர். பழுதுகள் ஒன்றையொன்று சாராமல் சிதறி நிகழ்வதில்லை, அடுத்தடுத்து நெருங்கி நிகழும் போக்கு உடையவை என்பதும் அவர்களின் முக்கியமான முடிவாகும். முன்னர்க் கண்ட சூத்திரத்தின் அடிப்படை அனுமானத்தையே இது அசைத்தது.

அதே ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் எட்வர்டோ பின்ஹெய்ரோ முதலிய மூவர் வெளியிட்ட ஆய்வு, வட்டு தன் நிலையைத் தானே அளந்து கூறும் ஸ்மார்ட் என்னும் வசதியின் வலிமையையும் எல்லையையும் காட்டியது. மேற்பரப்பு ஆய்வில் முதற்பிழை தோன்றிய வட்டு, பிழை தோன்றாத வட்டைவிட அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு மிகுதி. ஆனால் பழுதான வட்டுகளில் 56 விழுக்காடு, வலிமையான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே பழுதாயின. எச்சரிக்கை வந்தால் உடனே செயல்பட வேண்டும். வராததால் வட்டு நலமென்று கொள்ளலாகாது என்பதே இதன் பொருள்.

நெட்ஆப் நிறுவனத்தின் 15.3 இலட்சம் வட்டுகளை 32 மாதங்கள் கண்காணித்த மற்றோர் ஆய்வு, 3.45 விழுக்காடு வட்டுகளில் மறைபிழைகள் தோன்றியதைப் பதிவுசெய்தது. மறைபிழை என்பது வட்டின் ஒரு சிறு பகுதி படிக்க முடியாமல் போயிருந்தும், யாரும் அதைப் படிக்க முயலாததால் வெளித்தெரியாமல் கிடக்கும் நிலை. இணைப்பிரதி அணியில் இதன் கேடு பெரிது. முதல் வட்டு பழுதாகி, இரண்டாவது வட்டை முழுவதும் படித்துப் புதிய வட்டை நிரப்பும்போதுதான் அந்த மறைபிழை வெளிப்படும். அப்போது அதைத் திருத்த வேறு பிரதி இருக்காது.

வட்டின் வளர்ச்சியே இவ்விடரைப் பெருக்கியுள்ளது. 1988-இன் 100 மெகாபைட் சிறுவட்டை, நொடிக்கு 1 மெகாபைட் என்னும் அதன் வேகத்தில் ஏறக்குறைய 100 நொடிகளில் முழுவதும் படித்துவிடலாம். நொடிக்கு 150 மெகாபைட் வேகமுள்ள 4 டெராபைட் வட்டைப் படிக்க, வேறு பணி ஏதும் குறுக்கிடாவிட்டாலும், ஏழரை மணிநேரம் ஆகும். கொள்ளளவு 40,000 மடங்கும் வேகம் 150 மடங்கும் வளர்ந்ததால், சூத்திரத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள பழுதுநீக்கும் காலம் இயல்பாகவே நீண்டுவிட்டது.

8. அமைத்தலிலும் பராமரித்தலிலும் வேரூன்றிய நடைமுறைகள்

இன்று சர்வர் நிர்வாகிகள் கடைப்பிடிக்கும் நடைமுறைகள் ஒவ்வொன்றும் மேற்கண்ட வரலாற்றின் ஏதேனும் ஒரு பாடத்திலிருந்து முளைத்தவை. வட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே நாளில் ஒரே தொகுதியிலிருந்து வந்த இரட்டையரைத் தவிர்ப்பது, பழுதுகள் நெருங்கி நிகழ்கின்றன என்னும் அறிவின் விளைவு. எச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பொன்று இதற்கு வலுவான சான்று. அதன் சில திடநிலை வட்டுகள், உள்மென்பொருளிலிருந்த பிழையால், சரியாக 32,768 மணிநேரம் இயங்கியதும் செயலிழக்கும் என்று அது எச்சரித்துத் திருத்தத்தை வழங்கியது. ஒரே நாளில் இயக்கப்பட்ட இரு வட்டுகள் ஓர் அணியில் இருக்குமானால் அவை ஒரே மணிநேரத்தில் நின்றுபோகும். அங்கே எத்தனை பிரதிகள் இருந்தும் பயனில்லை.

அணியை அமைக்கும்போது வட்டின் முழுக்கொள்ளளவையும் எடுத்துக்கொள்ளாமல் இறுதியில் சிறிது இடம் விட்டு வைக்கப்படுகிறது. பின்னாளில் மாற்றாக வாங்கும் வட்டு, பெயரளவில் ஒரே கொள்ளளவாயினும் சற்றே சிறியதாக இருக்கக்கூடும். இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரை இரு வட்டுகளிலும் நிறுவுவது மற்றொரு முதன்மையான பணி. தரவு இரு வட்டுகளிலும் இருந்து, தொடக்கநிரல் ஒன்றில் மட்டும் இருந்தால், அந்த வட்டு பழுதாகும் நாளில் தரவு பத்திரமாக இருந்தும் சர்வர் எழாது. யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் புதிய கணினிகளில் இது கூடுதல் கவனம் வேண்டுவது. அவற்றின் தொடக்கப் பிரிவைப் படிக்கும் உள்மென்பொருள் எம்டி அணியை அறியாது என்பதால், அப்பிரிவைத் தனித்தனியே இரு வட்டுகளிலும் பேண வேண்டியிருக்கிறது.

வட்டுகளின் பொறுமைக்கும் எல்லை வகுக்கப்படுகிறது. மேசைக் கணினிகளுக்கான வட்டுகள் படிக்க இயலாத ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் முயன்று நீண்டநேரம் பதிலளிக்காமல் நிற்கும். தனித்து இயங்கும் வட்டுக்கு அதுவே நன்மை. ஆனால் லினக்ஸ் கர்னல் இயல்பாக 30 நொடிகளே காத்திருப்பதால், ஒரு சிறு பகுதியின் பிழைக்காக முழு வட்டே அணியிலிருந்து விலக்கப்படலாம். சர்வர் வட்டுகளில் இந்த முயற்சி ஏறக்குறைய 7 நொடிகளில் நிறுத்தப்பட்டுப் பிழை அறிவிக்கப்படுகிறது. அணி மற்றப் பிரதியிலிருந்து அப்பகுதியைப் படித்துக் கெட்ட இடத்தில் மீண்டும் எழுதிச் சரிசெய்துவிடுகிறது.

பராமரிப்பின் முதுகெலும்பு இரண்டு பணிகள். ஒன்று, அணி குறைவுற்ற செய்தி மனிதரைச் சென்றடைவது. இணைப்பிரதி அணியின் சிறப்பே பழுதைப் பயனர் உணராதபடி மறைப்பதுதான் என்பதால், நிர்வாகியும் அதை உணராமல் போவது எளிது. எம்டிஆடம் கருவியின் கண்காணிப்புப் பணி, ஒரு வட்டு விலகியதும் மின்னஞ்சல் அனுப்பும். அந்த அஞ்சல் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்பதைச் சோதனை அஞ்சல் அனுப்பிப் பார்ப்பதும் அமைத்தலின் பகுதியே. மற்றொன்று, மறைபிழைகளை முன்கூட்டியே தேடும் முழுவட்டுச் சரிபார்ப்பு. டெபியன் லினக்ஸில் இது இயல்பாகவே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு கடந்து தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. இரு வட்டுகளும் நலமாக இருக்கும் நாளில் கண்டறியப்படும் பிழை, திருத்தக்கூடிய பிழையாகும்.

வட்டை மாற்றும் வேளையே மிகுந்த இடருடையது. குறைவுற்ற அணியில் நல்ல வட்டைத் தவறுதலாகக் கழற்றிவிடுவது, ஜிம் கிரே சுட்டிய 42 விழுக்காட்டின் கண்கூடான வடிவம். ஆகவே ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும் அது பொருத்தப்பட்ட இடத்தையும் அமைக்கும் நாளிலேயே எழுதி ஒட்டி வைப்பதும், கழற்றுமுன் அந்த எண்ணை மென்பொருள் காட்டும் எண்ணோடு ஒப்பிடுவதும் வலியுறுத்தப்படுகின்றன. முழுதும் பழுதாகாமல் தளர்ச்சி காட்டும் வட்டாயின், முதலில் அணியை மூன்று வட்டுகளாக விரித்து, புதிய வட்டு நிரம்பியபின் பழையதை நீக்குவது, ஒரு கணமும் ஒற்றைப் பிரதியில் நிற்காத வழியாகும். இவை அனைத்தையும் புதிய சர்வர் பயன்பாட்டுக்கு வருமுன் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது, அதாவது ஒரு வட்டைப் பழுதானதாக அறிவித்து நீக்கி, மறுவட்டிலிருந்து தொடங்கி, மீண்டும் சேர்த்து நிரப்பிப் பார்ப்பது, பதற்றமான வேளையில் நேரும் தவறுகளைப் பெரிதும் குறைக்கும்.

9. எல்லைகள்

இணைப்பிரதி அணி காப்புப்பிரதிக்கு ஈடாகாது. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இரு வட்டுகளிலும் அக்கணமே அழிகிறது. தீங்குநிரல் மறையாக்கம் செய்த தரவும் அவ்வாறே இரட்டிக்கப்படுகிறது. தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றில் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரு வட்டுகளும் ஒன்றாகவே போகும். இடத்தைப் பற்றிய இக்குறையை நீக்க, தொலைவிலுள்ள இரு கணினிகளுக்கிடையே வட்டை இரட்டிக்கும் முறைகள் தோன்றின. வியன்னாவில் பிலிப் ரைஸ்னர் உருவாக்கி 2010-இல் லினக்ஸ் 2.6.33 கர்னலில் சேர்க்கப்பட்ட டிஆர்பிடி அவற்றுள் பரவலானது. எனினும் அதுவும் இன்றைய நிலையைத்தான் இரட்டிக்கிறது. நேற்றைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பை வேறிடத்தில் வைக்கப்பட்ட, அவ்வப்போது மீட்டுப் பார்க்கப்பட்ட காப்புப்பிரதி மட்டுமே தரும்.

முடிவுரை

1976-இன் டாண்டெம் கணினியில் இருந்த அடிப்படை விதி, இரண்டில் எழுது, ஒன்றிலிருந்து படி என்பது, இன்றைய சர்வரிலும் மாறவில்லை. மாறியவை அனைத்தும் அவ்விதியைச் சுற்றி அமைந்தவை: எந்த வட்டு எந்த அணிக்கு உரியது என்பதைச் சூப்பர்பிளாக் கூறியது; எங்கு ஒத்திசைவு குலைந்தது என்பதை எழுதுகுறிப்பு வரைபடம் கூறியது; எது மெய்யான பிரதி என்பதைச் சரிகாண் தொகை கூறியது; எங்கே பிழை மறைந்துள்ளது என்பதை மாதாந்திரச் சரிபார்ப்பு கூறியது. இவையனைத்தும் பழுது நேர்வதற்கும் அது அறியப்பட்டுத் தீர்க்கப்படுவதற்கும் இடையிலுள்ள காலத்தைச் சுருக்கும் முயற்சிகளே.

அக்காலத்தின் கடைசிப் பகுதி இன்னும் மனிதரின் கையிலேயே உள்ளது. எச்சரிக்கையைப் படிப்பவரும், மாற்று வட்டை முன்னதாக வாங்கி வைப்பவரும், சரியான வட்டைக் கழற்றுபவரும் இல்லாத இடத்தில் இணைப்பிரதி அணி ஒற்றை வட்டின் ஒன்றரை மடங்கு ஆயுளுக்கு மேல் எதையும் தருவதில்லை. அவர்கள் உள்ள இடத்தில் அதே அணி தலைமுறைகளைத் தாண்டும் பாதுகாப்பைத் தருகிறது. ஆகவே ஒரு நிறுவனம் தன் தரவுக்கான பாதுகாப்பைத் திட்டமிடும்போது, எத்தனை வட்டுகள் என்பதோடு, பழுது நேர்ந்தால் எத்தனை மணிநேரத்துக்குள் யார் மாற்றுவார் என்பதையும் எழுத்தில் வகுத்துக்கொள்வதே இவ்வரலாறு வலியுறுத்தும் கடமையாகும்.